எரித்த பின்னும் இருக்கும் சாட்சி

சவக்கிடங்கிலிருந்து உடல் வீட்டுக்கு வருகிறது. மறுநாள் மாலைக்குள் சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு எழும் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல உடல் இல்லை. மிஞ்சியிருப்பது ஒரு மருத்துவரின் அறிக்கை, சில புகைப்படங்கள், இரசாயனத் துறைக்குப் போன சில குப்பிகள், அவ்வளவுதான். கெடாவில் முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் இடுகாடு இருந்தது. கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. இன்று நம் குடும்பங்கள் பலவும் தகனத்தையே நாடுகின்றன. தகனம் செய்யும் சமூகத்துக்கு இரண்டாம் சவப் பரிசோதனை என்ற வாய்ப்பு ஓரிரு நாளில் தீர்ந்துபோகிறது.

புதைப்பவர்களுக்கு அப்படியில்லை. 2009 ஜூலை 16 அன்று ஷா ஆலாமில் இறந்துகிடக்கக் காணப்பட்ட அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹோக்கின் உடல் நான்கு மாதம் கழித்துத் தோண்டி எடுக்கப்பட்டு, சுங்கை பூலோ மருத்துவமனையில் இரண்டாம் முறை பரிசோதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்த 22 வயது குகனுக்கும் இரண்டாம் பரிசோதனை நடந்தது. குடும்பத்தார் இறுதிச் சடங்கைத் தள்ளிவைத்துவிட்டு அதைக் கேட்டு நின்றதால்தான் நடந்தது. முதல் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் டாக்டர் பிரசாந்த் சாம்பர்கர் செய்த இரண்டாம் பரிசோதனையில் 45 வெளிக்காயங்கள் பதிவாயின. அடியில் தசைகள் நைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்பது அதன் முடிவு. குடும்பத்தார் தொடுத்த வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்தச் சில நாள் தாமதம் இல்லாதிருந்தால் முதல் அறிக்கையே கடைசி அறிக்கையாகியிருக்கும்.

இறந்த உடலை அறுப்பதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி ‘அறுக்காமலே முடிந்துவிடுமா?’ என்பது. அந்தக் கேள்வியில் உள்ள வேதனை எனக்குப் புரிகிறது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று இந்த முறையில் உண்டு என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது: உடல் போன பிறகும் உடலின் உட்பதிவு ஒன்று அழியாமல் இருக்கிறது. இரண்டாவது மருத்துவர் அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 330, 331-ஆம் பிரிவுகள் இதைப் பற்றிப் பேசுகின்றன. திடீர் மரணம், இயற்கைக்கு மாறான மரணம், வன்முறையால் நேர்ந்த மரணம் என்று சந்தேகம் எழுந்தால், காவல் அதிகாரி அருகிலுள்ள அரசாங்க மருத்துவ அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ அதிகாரி உடலைப் பரிசோதிக்க வேண்டும். மரணக் காரணத்தை அறியத் தேவைப்பட்டால், உடலை அறுப்பது வரை அந்தப் பரிசோதனையை அவர் நீட்டிக்க வேண்டும். ‘தேவைப்பட்டால்’ என்ற நிபந்தனை சட்டத்திலேயே இருக்கிறது. அறுப்பது சட்டத்தின் பார்வையில் இரண்டாம் படிதான். முதல் படியில், வெளியே கண்ணால் பார்ப்பதைத் தவிர மருத்துவர் கையில் வேறு கருவி இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் இது. இன்று அந்த முதல் படியில் நிற்கும் மருத்துவர் உடலுக்குள்ளும் பார்க்க முடியும்.

பார்ப்பது எப்படி நடக்கிறது? ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தை எடுத்துக்கொள்வோம். பாடாங் செராய் சாலையில் இரவு வேலை முடிந்து திரும்பிய இளைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் பையோடு ஸ்கேனர் மேசையில் கிடத்தப்படுகிறது. பையைத் திறக்க வேண்டியதில்லை. உயிருள்ள நோயாளிக்கு எடுக்கும்போது கதிர்வீச்சின் அளவைப் பற்றிக் கவலை உண்டு. ‘மூச்சை அடக்குங்கள்’ என்று சொல்லவும் வேண்டியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமனுள்ள குறுக்குவெட்டுப் படங்கள் ஆயிரக்கணக்கில் சில நிமிடங்களில் எடுக்கப்படுகின்றன. கணினி அவற்றை அடுக்கி முழு உடலையும் முப்பரிமாணத்தில் கட்டித் தருகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஓடும் மெல்லிய விரிசல், கழுத்து முள்ளெலும்பு விலகிய கோணம், விலா குத்திய நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த காற்று, மார்புக்கூட்டில் தேங்கிய இரத்தத்தின் அளவு ஆகிய எல்லாம் அதில் தெரிகின்றன. இவற்றில் சிலவற்றைக் கத்தியால் கண்டுபிடிப்பது கடினம். உடைந்த இரத்த நாளத்தின் வழியே இதயத்துக்குள் போன காற்று, மார்பைத் திறந்ததும் வெளிக்காற்றோடு கலந்துவிடும். இடுப்பெலும்பின் பின்புறம், முகத்தின் ஆழ்ந்த எலும்புகள், முதுகுத்தண்டின் உட்பக்கம் ஆகியவற்றை வழக்கமான பரிசோதனையில் முழுக்கத் திறந்து பார்ப்பதும் அரிது. எனவே ஸ்கேன், கத்திக்கு முன் எடுத்தால்தான் ஸ்கேன். அறுத்துத் தைத்த உடலை ஸ்கேன் செய்வதால் கிடைப்பது மிகக் குறைவு.

நீதிமன்றத்துக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. ரோண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் லங்காஷர் பகுதியில், கணவனால் தலையில் சுடப்பட்ட ஒரு பெண்ணின் மண்டைக்குள் குண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க மான்செஸ்டர் இயற்பியல் பேராசிரியர் ஆர்தர் ஷுஸ்டரின் எக்ஸ்ரே பயன்பட்டது. பிறகு நூறாண்டு காலம் சவக்கிடங்கில் படம் என்றால் குண்டு தேடுவதும் எலும்பு முறிவு பார்ப்பதும்தான். முழு உடலையும் படத்தால் பரிசோதிக்கலாம் என்று துணிந்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மைக்கேல் தாலி, ரிச்சர்ட் டிர்ன்ஹோஃபர் குழுவினர். ‘விர்ட்டாப்சி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2003-இல் வெளியான அவர்களது முதல் பெரிய ஆய்வில் 40 உடல்களைச் சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்துவிட்டு, பின்னர் அறுத்தும் சரிபார்த்தார்கள். அறுத்ததில் தெரிந்த 47 மரணக் காரணங்களில் 26-ஐ, அதாவது 55 விழுக்காட்டை, படம் மட்டுமே கண்டுபிடித்திருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள விக்டோரியா தடயவியல் மருத்துவக் கழகம் 2005 முதல் தன் சவக்கிடங்கிலேயே ஸ்கேனர் வைத்திருக்கிறது. 2009 காட்டுத்தீயில் கருகியவர்களை அடையாளம் காண அது பெரிதும் உதவியது.

மலேசியா இதில் பின்தங்கி வந்த நாடு அல்ல. கோலாலம்பூர் மருத்துவமனையிலுள்ள தேசியத் தடயவியல் மருத்துவக் கழகத்தில் 2010 வாக்கிலேயே இந்த முறை புகுந்துவிட்டது. மலேசியத் தொழில்முனைவர் மேட் சந்திரனின் ஐஜீன் நிறுவனம் 2013 நவம்பரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டிஜிட்டல் சவப் பரிசோதனை நிலையம் திறந்தது. உறவினரின் உடலை அறுக்க வேண்டாம் என்று விரும்பும் குடும்பம் ஏறத்தாழ 500 பவுண்டு கட்டி ஸ்கேன் கேட்கலாம் என்பது அதன் அன்றைய ஏற்பாடு. இந்தியாவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2021 மார்ச்சில்தான் தன் மையத்தைத் திறந்தது.

ஆனாலும் இதில் மயங்கிவிடக் கூடாது. 2012 தொடக்கத்தில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இயன் ராபர்ட்ஸ் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மான்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் 182 உடல்களை ஸ்கேன் செய்து, பிறகு முழுமையாக அறுத்துப் பார்த்தது அந்த ஆய்வு. மரணக் காரணத்தில் பெரிய தவறு நேர்ந்த விகிதம் சி.டி.யில் 32 விழுக்காடு, எம்.ஆர்.ஐ.யில் 43 விழுக்காடு. மிக அதிகமாகத் தவறியது இதய நோய். அடுத்து நுரையீரல் நாளத்தை அடைக்கும் இரத்தக் கட்டி, நிமோனியா, வயிற்று நோய்கள். இதய நாளத்தில் படிந்த சுண்ணத்தைச் சி.டி. நன்றாகக் காட்டும், அன்று காலை அங்கே அடைத்த இரத்தக் கட்டியைக் காட்டாது. நம் சமூகத்தில் நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்கள் விஷயத்தில்தான் வெறும் ஸ்கேன் கைவிடுகிறது. இதைச் சரிசெய்ய, இறந்த உடலின் இரத்த நாளங்களில் மருந்துத் திரவத்தைச் செலுத்திப் படமெடுக்கும் முறை வந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கை ரட்டி குழு 2017-இல் அதே இதழில் வெளியிட்ட முடிவின்படி, அந்த முறையில் 92 விழுக்காடு உடல்களுக்கு மரணக் காரணம் சொல்ல முடிந்தது. அதற்குக் கூடுதல் நேரமும் பயிற்சியும் பணமும் வேண்டும்.

குகன் விஷயத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் எனக்கு அச்சம். சி.டி. எதையும் அடர்த்தியால்தான் அறிகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கொழுப்புக்குக் கழித்தல் 100 அளவில், எலும்புக்குப் பல நூறு என்று காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரால் வழங்கும் அளவுகோல் அது. தசைக்கு 40 முதல் 60 வரை. உறைந்த இரத்தத்துக்கு அதைவிடச் சற்றே அதிகம். தசைக்குள் பரவலாகக் கசிந்த இரத்தத்தைத் தசையிலிருந்து பிரித்துக் காண அந்தச் சின்ன வித்தியாசம் போதாது. ரப்பர் குழாயாலோ பிரம்பாலோ அடித்த உடலில் ஓர் எலும்பும் முறியாமல் இருக்கலாம். முதுகுத் தோலைக் கீறி விலக்கிப் பார்த்தால் கறுத்துக் கிடக்கும் சதை தெரியும், சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. இதில் மேல், ஆனால் அது ஒரு மணி நேர வேலை. தடுப்புக் காவல் மரணத்தில் ‘ஸ்கேன் எடுத்தோம், முறிவு எதுவும் இல்லை, அறுக்கத் தேவையில்லை’ என்று ஓர் அறிக்கை வந்தால் அதை ஏற்கக் கூடாது. அத்தகைய மரணத்தில் ஸ்கேனும் வேண்டும், கத்தியும் வேண்டும், நுண்ணோக்கியும் வேண்டும். அறுப்பதைத் தவிர்க்கும் சலுகை அங்கே குடும்பத்துக்கே எதிராகத் திரும்பிவிடும்.

நஞ்சும் அப்படித்தான். 2017 பிப்ரவரி 13 அன்று கே.எல்.ஐ.ஏ.2 விமான நிலையத்தில் தாக்கப்பட்டு இறந்த, வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜோங் நாமின் உடலுக்கு, 15-ஆம் தேதி நடந்த பரிசோதனையில் முழு உடல் சி.டி. ஸ்கேனும் எடுக்கப்பட்டது. அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா இதைச் செய்தியாளர்களிடம் தெரிவித்தபோது, மாரடைப்புக்கான அடையாளமும் இல்லை, ஊசி குத்திய தடமும் இல்லை என்றார். வி.எக்ஸ். என்ற நரம்பு நஞ்சைக் கண்டுபிடித்தது இரசாயனத் துறை. கண்ணிலும் முகத்திலும் துடைத்தெடுத்த மாதிரியிலிருந்து. எந்தப் படத்திலும் அது தெரிந்திருக்காது.

கெடாத் தோட்டங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மருந்தடிக்கும் பெண்கள் முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு பாராகுவாட் தெளித்த காலம் நீண்டது. 2002-இல் தடைசெய்ய முடிவெடுத்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியா அதை முழுமையாகத் தடைசெய்தது. பாராகுவாட் உடலுக்குள் போனவரின் நுரையீரல் ஸ்கேனில் மங்கிய கண்ணாடி போலத் தெரியும். நிமோனியாவிலும் அப்படித் தெரியும், நீரில் மூழ்கியவரிடமும் அப்படித் தெரியும். கள்ளச் சம்சுவில் கலந்த மெத்தனால் மூளையின் ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சிதைக்கும். ஆனால் ஓரிரு நாள் உயிரோடிருந்தவரிடம்தான் அந்தச் சிதைவு படத்தில் தெளிவாகும். இரத்தம், சிறுநீர், கண்ணுக்குள் உள்ள நீர்மம் ஆகியவற்றை எடுத்து அனுப்பாத ஸ்கேன் அரைவேலைதான். அவற்றை எடுக்க ஊசி போதும், கத்தி வேண்டாம்.

வெப்பமும் ஒரு சிக்கல். செம்பனைக் காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் கிடந்த உடலில் அழுகல் வாயு இரத்த நாளங்களிலும் கல்லீரலிலும் இதயத்திலும் நிறைந்துவிடும். குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தில் பயின்ற கண்ணுக்கு அது நாளத்துக்குள் காற்றுப் போன மரணம்போலத் தோன்றும். மல்லாந்து கிடந்த உடலில் இரத்தம் கீழ்நோக்கி இறங்கித் தேங்குவதால் நுரையீரலின் பின்பாதி வெளுத்துத் தெரியும். நோயாளிகளின் படத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கதிரியல் மருத்துவர் அதை நிமோனியா என்பார். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் அடிவாரத்திலும் 2022 ஜூலையில் பாலிங்கிலும் வந்த திடீர் வெள்ளங்கள்போல் ஒன்றில் அடித்துச் செல்லப்பட்டவரின் மூக்கெலும்புக் குழிகளில் நீர் தெரியும். இறந்த பின் நீரில் கிடந்தாலும் அங்கே நீர் புகும். இதையெல்லாம் பிரித்தறிவது தனிப் படிப்பு. தடயவியல் மருத்துவரும் கதிரியல் மருத்துவரும் ஒரே திரையின் முன் சேர்ந்து உட்கார வேண்டிய வேலை இது. பீடோங் அருகே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இத்தனை ஆண்டுகளாக மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. அவர்களில் சிலராவது இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மரணக் காரணம் தெரியாமல் அடக்கம் செய்வது கெடாத் தமிழர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரசர் ‘காய்ச்சல்’ என்று எழுதினால் அதுதான் காரணம். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அந்த ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. இன்றும் தேசியப் புள்ளிவிவரத் துறை மரணங்களை மருத்துவச் சான்று பெற்றவை, பெறாதவை என்று பிரித்துத்தான் கணக்கிடுகிறது. சான்று பெறாத மரணங்களில் முதலிடம் பெற்று வந்தது ‘முதுமை’. கம்பத்திலும் தோட்டத்திலும் வீட்டிலேயே இறந்த எத்தனை பேருக்கு அது உண்மையான காரணம்?

அலோர்ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைச் சவக்கிடங்கு மிகக் கடினமான ஒரு பணியைச் செய்திருக்கிறது. 2015 மே மாதம் பெர்லிஸ் எல்லையிலுள்ள வாங் கெலியான் மலைக்காட்டில் ஆள்கடத்தல் முகாம்கள் 28-ம், 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. தோண்டியெடுத்த எச்சங்கள் வந்தது இங்கேதான். பெரும்பாலும் எலும்புகள். பசியாலும் நோயாலும் இறந்தவரின் எலும்பு அதிகம் பேசாது. தடயவியல் பணியாளர்கள் ஆராய்வதற்கு முன்பே முகாம்கள் அழிக்கப்பட்டதாகப் பின்னர் அமைந்த அரச விசாரணை ஆணையம் சொன்னது. அழிந்த தடயத்தை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. முதல் நாளிலேயே பதிவு செய்வதற்கு இருக்கும் மதிப்பை அந்த மலை நமக்குச் சொல்லிவிட்டது.

இப்போது வீட்டு வாசலுக்கு வருவோம். விபத்தில் இறந்த பிள்ளையின் உடல் வரும்போது, மண்டையோட்டை அறுத்துத் தைத்திருப்பதால் தலைக்கு எண்ணெய் சீயக்காய் வைக்க முடியாது என்கிறார்கள். மார்பிலிருந்து அடிவயிறு வரை தையல். குளிப்பாட்ட வேண்டாம், அப்படியே பெட்டியில் வையுங்கள் என்கிறார்கள். கோடித்துணியை மேலே போர்த்துவதோடு சரி. வாய்க்கரிசி மட்டும் போட விடுகிறார்கள். தாய்மார்கள் இதைப் பல ஆண்டு சொல்லிச் சொல்லி அழுவதைக் கேட்டவர்கள் நாம். முஸ்லிம் குடும்பங்களும் இதே வேதனையை, விரைவாக அடக்கம் செய்ய வேண்டிய கடமையோடு சேர்த்துச் சுமக்கிறார்கள். சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுந்தது, இயந்திரத்தில் சிக்கியது போன்ற மரணங்களில், குற்றச் சந்தேகம் இல்லாதபோது, ஸ்கேனும் இரத்த மாதிரியும் கவனமான வெளிப்பரிசோதனையும் பெரும்பாலும் போதும். அங்கே கத்தியைத் தவிர்ப்பது அறிவியலுக்குக் குறைவில்லாத கருணை.

ஆனால் சட்டம் உடலை அனுப்புவது அருகிலுள்ள அரசாங்க மருத்துவ அதிகாரியிடம். அலோர்ஸ்டாரிலிருந்து கோலாலம்பூர் 400 கிலோமீட்டருக்கு மேல். தலைநகரில் இருக்கும் வசதி பாலிங்கில் இறந்தவருக்கும் சீக்கில் இறந்தவருக்கும் தானாக வந்து சேராது. வடமாநிலங்களுக்கென்று சவக்கிடங்கோடு சேர்ந்த ஸ்கேனரும் அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். படத்தைத் தொலைவிலிருந்தும் படிக்கலாம். அலோர்ஸ்டாரில் எடுத்ததைக் கோலாலம்பூரில் உள்ளவர் அதே மணி நேரத்தில் பார்த்துச் சொல்ல இன்றைய தொழில்நுட்பத்தில் தடையேதும் இல்லை.

இனி, முதலில் சொன்ன பதிவுக்கு வருகிறேன். சவப் பரிசோதனை அறிக்கை என்பது ஒருவர் கண்டதை அவரே சொல்வது. அவர் எதைக் கவனிக்கவில்லையோ அது அறிக்கையில் இருக்காது. ஸ்கேன் கோப்பு அப்படியல்ல. எடுத்தவர் கவனிக்காததும் அதில் இருக்கிறது. டைகோம் என்ற பொது வடிவில் சேமிக்கப்படுவதால், மெல்பர்னிலோ சென்னையிலோ இருக்கும் மருத்துவர் அதைத் திறந்து, விரும்பிய கோணத்தில் வெட்டி, தன் கருத்தைச் சொல்ல முடியும். 2014 முதல் செஷன்ஸ் நீதிபதிகள் மரண விசாரணை நீதிமன்றங்களை நடத்துகிறார்கள். அங்கே குடும்பத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யும்போது, கையில் அறிக்கையின் நகல் மட்டும் இருப்பதற்கும் மூலப் படங்கள் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

ஆகவே ஸ்கேனர் வாங்கினால் மட்டும் போதாது. சவக்கிடங்கில் உறவினர் கேட்க வேண்டியவை சில: ஸ்கேன் எடுத்தார்களா, அறுப்பதற்கு முன்பா, படித்தவர் யார், கோப்பு எங்கே இருக்கிறது, நகல் பெற யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காவல் மரணமானால் அந்தக் கோப்பு காவல்துறையின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதையும் விதியாக எழுத வேண்டும். மருத்துவமனைகள் தங்கள் வசதிக்கு அழித்துவிடும் கால அளவு இதற்குப் பொருந்தாது. குகனின் குடும்பத்துக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது நான்கு ஆண்டு கழித்து. வாங் கெலியான் விசாரணை ஆணையம் 2019-இல்தான் சாட்சிகளை அழைத்தது. தியோ பெங் ஹோக் மரணத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண விசாரணையின் பழைய முடிவை ரத்து செய்தது 2014-இல், ஐந்து ஆண்டுகளுக்குப் பின். அதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்தார் பல ஆண்டுகள் பதில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.